கானாடுகாத்தான் முதல் கீழடி வரை

நுழையும்முன்

அரண்மனைகளையும் கலைக்கூடங்களையும் காண்பதற்காகக் கடல் கடந்து செல்வோர் பலர். கடல் கடந்து சென்று, அங்குக் கண்டவற்றைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, தம் வீட்டையே அரண்மனையாக்கிக்கொண்டோர் வாழ்ந்த ஊர்கள் நம் சிவகங்கை மாவட்டத்தில் உள்ளன. பர்மாவின் தேக்கும் இத்தாலியின் பளிங்கும் செம்மண் நிலத்திற்கு வந்துசேர்ந்த வரலாற்றையும், அவை இன்று அங்கிருந்து வெளியேறி வருவதையும் ஒருநாள் பயணத்தின்வழி எடுத்துரைக்கிறது இப்பாடம்.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பதினோராம் வகுப்பு மாணவர் முப்பத்தெட்டுப் பேருடன் காரைக்குடியிலிருந்து புறப்பட்டோம். பயணத்திற்கு இடம் தேர்ந்தெடுக்கும் பேச்சு எழுந்தபோது வகுப்பின் விருப்பம் கொடைக்கானலாக இருந்தது. “செட்டிநாட்டு வீடுகளைப் பார்ப்போம்” என்று நான் கூறியதும் முகங்கள் வாடின. “அதைத்தான் தினமும் பார்க்கிறோமே, ஐயா” என்றான் ஒருவன். அவன் கூறியது உண்மைதான். அவ்வீடுகளின் மதில் ஓரமாகவே நடந்து பள்ளிக்கு வருபவர்கள் அவர்கள். “உள்ளே சென்று பார்த்தவர் எத்தனைபேர்?” என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை.

இரண்டு தெருக்களுக்கு இடையே ஒரு வீடு

காலை எட்டு மணிக்குக் கானாடுகாத்தானை அடைந்தோம். ஊரின் நடுவே செட்டிநாட்டு அரண்மனை என மக்கள் வழங்கும் பெருமாளிகை நிற்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929இல் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881-1948), 1912ஆம் ஆண்டில் எழுப்பியது அது. வெளியில் நின்று அதன் முகப்பையும் மாடங்களையும் கண்டபின், அதே ஊரில் வேறொரு பழைய வீட்டிற்குச் சென்றோம். முன்னரே இசைவு பெற்றிருந்தமையால் கதவு திறந்திருந்தது. வாயில் வளைவின் உச்சியில் சுதையாலான திருமகள் வீற்றிருந்தாள். அவளுக்குக் கீழே அக்குடும்பத்தின் விலாச எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்து அமைப்பதே நகரத்தாரின் விலாசம். வணிக நிலையத்திற்கும் அதுவே பெயராகும்.

“வாங்க, வாங்க. வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க” என்று வரவேற்றார் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி. அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் காவலர் ஒருவரும் மட்டுமே வாழ்கின்றனர்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பைப் படத்தில் கண்டு விளங்கிக்கொள்வது கடினம். நடந்துதான் அறிய வேண்டும். முகப்பும் உயர்ந்த திண்ணையும் விருந்தினருக்கும் வணிகப் பேச்சுக்கும் உரியவை. அவற்றைக் கடந்தால் செதுக்கு வேலைப்பாடு மிக்க தலைவாயில். அதற்கு அப்பால் வானம் பார்த்த முற்றமும் நாற்புறமும் தூண்வரிசையும் கொண்ட பகுதியே வளவு. திருமணமும் சாந்தியும் நடைபெறும் இடம் இது. வளவைச் சுற்றிலும் அறைகள் இரண்டிரண்டாக அமைந்திருக்கும். அதற்குப் பின்னே உணவு பரிமாறும் இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னே அடுப்பும் அம்மியும் கிணறும் கொண்ட மூன்றாம் கட்டு. முன்வாசல் ஒரு தெருவில் திறந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முன்வாசலில் நின்று நோக்கினால், கதவுகளுக்குள் கதவுகளாகப் பின்தெருவின் வெளிச்சம் ஒரு புள்ளியாய்த் தெரிகிறது. மாணவர் பலரும் அந்த ஒளிப்புள்ளியை நோக்கியபடி நெடுநேரம் நின்றனர். அதனைத் தம் கைப்பேசியில் படமெடுக்க முயன்ற உடன்வந்த ஆசிரியர் ஒருவர், “படத்தில் விழவில்லையே” என்று வருந்தினார்.

வளவின் அறைகள் ஏன் இரண்டிரண்டாக உள்ளன? இதற்கு விடை நகரத்தாரின் குடும்ப முறையில் இருக்கிறது. திருமணமான ஒவ்வொரு மகனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘புள்ளி’ ஆவர். கோயில் வரி முதலியன புள்ளிக் கணக்கிலேயே விதிக்கப்படும். மகன் மணம்புரிந்த சிலகாலத்தில் அவனை ‘வேறு வைத்தல்’ என்பது வழக்கம். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும் அவனுக்கென வரவுசெலவும் அடுப்பும் தனியே அமையும். மருமகள் கொண்டுவந்த சீர்ச்சாமான்கள் அவளுடைய அறையில் அவளுடைய பூட்டின்கீழ் இருக்கும். கூட்டுக்குடும்பம் என்றால் எல்லாம் பொது என எண்ணும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். சேர்ந்து வாழ்வதற்குப் பிரித்து வைப்பதும் தேவை என்று அவர்கள் கணக்கிட்டிருந்தனர்.

வானத்துக்கு ஒரு வழி

இந்நிலம் ஆற்றுப்பாசனம் அறியாதது. ஆகவே, மழைத்துளி ஒவ்வொன்றும் எண்ணப்பட்டது. ஓட்டுக்கூரைகள் உட்புறமாகச் சரிந்து முற்றத்தில் நீரைக் கொட்டுகின்றன. கூரை மூலைகளில் விழும் நீரை ஆச்சிமார் அண்டாக்களில் பிடித்துச் சமையலுக்கு வைத்துக்கொள்வர். எஞ்சிய நீர் வடிகால்வழியே ஊருணிக்குச் செல்லும். வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். வெயில் நேரே அறைகளைத் தாக்காது. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலெழுந்து வெளியேற, நிழலில் குளிர்ந்த காற்று அறைகளுக்குள் நுழைகிறது. மின்விசிறி இல்லாத அவ்வளவில் நண்பகலிலும் வியர்க்கவில்லை.

வீடுகளின் அடித்தளம் தெருமட்டத்தைவிட மிக உயர்ந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்த முன்னோர் கடல்கோளால் துன்புற்றுத் தெற்கே வந்தமையால் உயரத்தில் கட்டுகிறோம் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. கடலுக்கு நெடுந்தொலைவில், மழை குறைந்த ஊரில், வெள்ளத்தை மறவாத படிக்கட்டுகள்!

சுவரைத் தொட்டுப் பார்க்குமாறு மாணவரிடம் கூறினேன். நூற்றாண்டுக் காலச் சுவர் பீங்கான்போல் வழவழத்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பை மாவாக அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பல படலங்களாகப் பூசி, இறுதிப் படலத்தில் முட்டை வெண்கருவைக் கலந்து கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். மீண்டும் வெள்ளையடிக்க வேண்டிய தேவையே எழாது. இதனை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் நின்ற மாணவன் ஒருவன் தயக்கத்துடன், “எங்கள் பூட்டன் இப்படிப்பட்ட வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவராம், ஐயா. அப்பா சொல்லியிருக்கிறார்” என்றான். “எந்த வீடு?” என்று கேட்டேன். “தெரியாது, ஐயா. ஒருவேளை இதுவாகக்கூட இருக்கலாம்” என்றபடி சுவரில் கைவைத்தான், கையை உடனே எடுக்கவில்லை.

கொண்டுவிக்கப் போன கதை

வளவுத் தூண்கள் பர்மாத் தேக்கு. இரு கைகளாலும் தழுவினாலும் விரல்கள் சேரா. “எங்க ஐயா ரங்கூன்ல கடை வச்சிருந்தாக. மொகல் தெருவுல கிட்டங்கி. இந்தத் தூணெல்லாம் அப்ப வந்ததுதான்” என்றார் ஆச்சி. தந்தையின் தந்தையை ‘ஐயா’ என்றும், தந்தையை ‘அப்பச்சி’ என்றும் அழைப்பது நகரத்தார் வழக்கம்.

அக்காலத்தில் வணிகத்திற்காக அயல்நாடு செல்வதனைக் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்றனர். கீழ்ப்பர்மா 1852இல் ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பியச் சந்தைக்குப் பர்மிய அரிசி செல்லும் வழி குறுகியது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் வயல்களாயின. காட்டைத் திருத்தவும் விதைக்கவும் உழவர்க்குப் பணம் தேவைப்பட்டது. பெருவங்கிகள் சிற்றூருக்குள் நுழையவில்லை, நகரத்தார் நுழைந்தனர். கிட்டங்கி என்னும் நீண்ட கூடத்தில் பல விலாசங்கள் அடுத்தடுத்து மேசைப்பெட்டி வைத்துக் கடை நடத்தின. சிறுவயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்பவர் அடுத்தாளாகி, பின்னர் மேலாளாக உயர்வார். மூன்றாண்டுத் தவணை முடிந்தால்தான் ஊர் திரும்பலாம். மனைவியும் மக்களும் இங்கு வளவில் காத்திருப்பர். இவ்வீடுகள் ஆடவர் ஈட்டிய பொருளால் எழுந்தன. பெண்டிரின் காத்திருப்பால் நிலைத்தன எனலாம்.

இலங்கை, மலேயா, சிங்கப்பூர், இந்தோசீனா எனப் பரந்த அவ்வணிகத்தின் ஆதாயம் வீடுகளாக உருமாறியது. இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் இங்கிலாந்தின் இரும்பு உத்திரங்களும் சப்பானின் பூவோடுகளும் கப்பலேறி வந்தன. ஆனால், பொருள்கள் அயல்நாட்டவையே அன்றி, வீடு அயல்நாட்டு வீடன்று. பெல்ஜியக் கண்ணாடி எதிரொளிப்பது நம் கோலத்தை. இத்தாலியப் பளிங்கின்மேல் விரிக்கப்படுவது நம் வாழையிலை. கடன் வாங்கிய பொருளைத் தன் இலக்கணத்துக்குள் அடக்கிக்கொண்டது இக்கட்டடக்கலை. பிறமொழிச் சொல்லைத் தமிழ் தன் ஒலிக்குள் அடக்கிக்கொள்வது போன்றது இது.

இத்தேக்கின் மறுபக்கத்தையும் மாணவரிடம் மறைக்கலாகாது. 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனைத் திருப்பித் தர இயலாத பர்மிய உழவரின் நிலங்கள், ஈடு என்ற முறையில் கடைக்காரர் கைக்கு வந்தன. அப்பத்தாண்டின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு நகரத்தாரிடம் இருந்தது. நிலம் இழந்தவரின் சினம் வளர்ந்தது. பணத்தைப் பெறவந்தவர்க்கு நிலம் வேண்டியிருக்கவில்லை. ஆயினும், உழுதவனுக்கு அது ஆறுதலாகாது. 1942இல் சப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது, பல்லாயிரம் இந்தியர் காடும் மலையும் கடந்து அசாம் வழியே நடந்தே தாயகம் திரும்பினர். வழியில் மாண்டோர் பலர். பர்மா விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1962இல் படையாட்சி ஏற்பட்டபின் எஞ்சிய கடைகளும் பறிபோயின.

“அப்பச்சி வெறுங்கையோட வந்தாக. பெட்டிச் சாவியை மட்டும் மடியில முடிஞ்சு கொண்டாந்தாக. பெட்டி அங்கன, சாவி இங்கன” என்று கூறிச் சிரித்தார் ஆச்சி. மாணவர்கள் சிரிக்கவில்லை.

கண்ணாடியில் விளையும் பூ

அடுத்து ஆத்தங்குடி. தரைக்குப் பதிக்கும் பூக்கல் இவ்வூரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. இதனைச் சூளையில் சுடுவதில்லை என்பதே முதல் வியப்பு. சதுரமான கண்ணாடிப் பலகையின்மேல் சட்டத்தை வைத்து, அதனுள் பூவடிவ உலோக அச்சைப் பொருத்துகின்றனர். அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகின்றனர். அச்சை மெல்லத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலவாமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பின்னர் ஈரக்கலவையை நிரப்பி அழுத்திச் சமன்செய்கின்றனர். நீரில் சிலநாள் ஊறி உலர்ந்தபின் கண்ணாடி தானே கழன்றுவிடும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது.

கைத்தொழிலாளி ஒருவர் அச்சை எடுக்கும் நொடியில் மூச்சை அடக்கியதை மாணவி ஒருத்தி கண்டுபிடித்துக் கூறினாள். அவரிடமே கேட்டோம். “அது பழக்கம் தாயி. கை ஆடுனா பூ கலைஞ்சிரும்ல” என்றார். மனிதர் நடக்க நடக்க மெருகேறும் தரை இது; பூட்டிய வீட்டில் மங்கிப்போகிறது என்பதனையும் அவரே கூறினார்.

தெரியுமா?
செட்டிநாடு தொண்ணூற்றாறு ஊர்களைக் கொண்டிருந்தது என்பது மரபு. இன்று எழுபதுக்கும் சற்று மிகுந்த ஊர்களே அப்பெயருக்கு உரியனவாக உள்ளன. இவை சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ளன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014ஆம் ஆண்டு யுனெசுகோவின் உலக மரபுச்சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

தூண் விற்கும் தெரு

காரைக்குடிக்குத் திரும்பி, முனீசுவரன் கோயில் தெருவில் இறங்கினோம். பழம்பொருள் கடைகள் நிறைந்த தெரு இது. எனாமல் தூக்குச்சட்டிகள், மங்கிய இரவிவர்மா அச்சுப்படங்கள், மரப்பாச்சிகள், பித்தளைப் பூட்டுகள், கணக்குப்பிள்ளையின் சாய்வுமேசை எனக் கூரைவரை அடுக்கியிருந்தனர். மாணவர்க்குத் திருவிழாச் சந்தைக்கு வந்த மகிழ்ச்சி. ஒரு கடையின் பின்கட்டில் தேக்குத் தூண்கள் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தன. காலையில் கண்டவற்றின் உடன்பிறப்புகள்போல் இருந்தன அவை. அருகே செதுக்கு நிலைக்கதவு ஒன்று. அதன் மேற்பலகையில் திருமகள் இருந்தாள். மூலையில் யாரோ ஒரு குழந்தை ஆணியால் கீறிய ‘அ’ என்னும் எழுத்தும் இருந்தது.

“தூணை விற்றுவிட்டால் வீடு எப்படி நிற்கும், ஐயா?” என்றாள் முன்னர் பேசிய மாணவி.

நிற்காது. வீடு இடிக்கப்பட்ட பின்னரே தூண் கடைக்கு வருகிறது. ஏன் இடிக்கின்றனர்? ஒருவர் கட்டிய வீடு, நான்கு தலைமுறையில் நாற்பது ஐம்பது புள்ளிகளுக்கு உரியதாகிவிடுகிறது. அவர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் அமெரிக்காவிலும் வாழ்கின்றனர். ஓடு மாற்றவேண்டுமென்றாலும் எல்லாரும் இசைய வேண்டும். செலவை எல்லாரும் பகிர வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மழைநீர் உள்ளிறங்கத் தொடங்கும். நனைந்த உத்திரம் ஒன்று விழுந்ததும், நிற்கும் வீட்டைவிடப் பிரித்த மரத்திற்கே விலை கூடுதல் என்று தரகர் கணக்குக் காட்டுவார். விற்பவரைப் பழிப்பது எளிது. அவ்வீட்டைப் பேணும் செலவை அறிந்தவர் அவ்வாறு பழிக்கமாட்டார். சிலர் வீட்டை விடுதியாக மாற்றிக் காத்துவருகின்றனர். சிலர் ஆண்டுக்கொருமுறை பொங்கலுக்கும் படைப்புக்கும் கூடி, விளக்கேற்றிப் பூட்டிச் செல்கின்றனர்.

பெயர்ந்த தூண் எங்கே போகும்? சில உணவகங்களின் அலங்காரமாகும். சில நற்பேறு பெறும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், செட்டிநாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுசென்ற வணிகர் வீடு ஒன்று மீண்டும் எழுப்பப்பட்டு நிற்கிறது. இன்னும் தொலைவு சென்ற தூண்களும் உண்டு. கானாடுகாத்தான் மாளிகை எழுந்த அதே 1912ஆம் ஆண்டில், அடலின் பெப்பர் கிப்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணி மதுரைக்கு வந்தார். மதனகோபாலசாமி கோயிலைச் சார்ந்த, குவிந்துகிடந்த கருங்கல் தூண்களும் சிற்பங்களுமாக அறுபதுக்கு மேற்பட்டவற்றை விலைக்கு வாங்கினார். அவர் மறைந்தபின், 1919இல் அவை பிலடெல்பியா நகரக் கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டன. நாயக்கர் காலத்து மண்டபம் ஒன்று இன்று பனிபொழியும் நகரில் கூரைக்குள் நிற்கிறது. நன்கு பாதுகாக்கப்படுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், அங்கு அத்தூணில் சாய்ந்து உறங்குவார் இல்லை. திருநீற்றைத் தடவிச் செல்வாரும் இல்லை. பாதுகாப்பா, பயன்பாடா எது பெரிது என்று அன்று மாணவர் பேருந்தில் வாதிட்டனர். வாதம் சிவகங்கையைக் கடந்தும் முடியவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.

பானையில் எழுதிய பெயர்

மாலை நான்கு மணிக்குக் கீழடி அருங்காட்சியகத்தை அடைந்தோம். இறங்கியவுடன் மாணவர் கண்டுகொண்டனர்: “ஐயா, இதுவும் செட்டிநாட்டு வீடு!” 2023ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட இவ்வருங்காட்சியகம், செட்டிநாட்டுக் கட்டடக்கலைப் பாணியிலேயே எழுப்பப்பட்டது. திண்ணையும் தூண்வரிசையும் முற்றமும் ஓட்டுச்சரிவும் புதியனவாய் நின்றன. காலையில் கண்ட வீட்டில் மனிதர் இல்லை; இங்கோ ஊரே திரண்டிருந்தது.

இந்திய அரசின் தொல்லியல் துறை 2014-15இல் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. 2017-18 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தொடர்ந்து நடத்தி வருகிறது. கரிமப் பகுப்பாய்வின்படி இங்குக் கிடைத்த பொருள்களின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை செல்கிறது. அரசர்க்குரிய பொருள்கள் இங்கு மிகுதியாக இல்லை. நூல் நூற்ற தக்களி, தந்தத்தாலான பகடை, சிறுவர் எறிந்து ஆடிய சில்லுகள், பொன்னணிகள், உறைகிணறு என வீடும் தெருவும் சார்ந்த பொருள்களே கண்ணாடிப் பேழைகளில் உள்ளன. சூதுபவள மணிகளைக் காட்டினேன். அக்கல் மேற்கு இந்தியப் பகுதியிலிருந்து வந்தது. அயலூர்ப் பொருளை வாங்கி அணிந்துகொள்ளும் பழக்கம் இம்மாவட்டத்திற்குப் புதிதன்று என்று கூறியதும், “அப்போதே கொண்டுவிக்கப் போனார்கள்” என்றான் ஒருவன். ‘கொண்டுவிக்க’ என்னும் சொல் காலையில்தான் அவனுக்கு அறிமுகமாகியிருந்தது.

சுண்ணாம்பு அரைத்தவரின் பெயரன் மட்டும் பானை ஓடுகள் வைத்த பேழையைவிட்டு அகலவில்லை. தமிழி எழுத்தில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் பொறிக்கப்பட்ட ஓடுகள் அவை.

“இவர்கள் யார், ஐயா? அரசர்களா?”

“அவ்வாறு தெரியவில்லை. பானைக்கு உரியவர்களாக இருக்கலாம்.”

“தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்களா?”

“ஓடுகளில் கையெழுத்து ஒன்றுபோல் இல்லை. பலர் எழுதியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.”

அவன் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், “காலையில் பார்த்த வீட்டில் வாசல்மேல் எழுத்து இருந்ததே, ஐயா. அது வீட்டுக்காரர்களுடையதுதானே?” என்றான். ஆம் என்றேன். 

திரும்பும்போது இருட்டிவிட்டது. மாணவர் பலர் உறங்கிவிட்டனர். பேருந்து திருப்புவனத்தைக் கடந்தபின் அவன் என் இருக்கைக்கு வந்து, வீட்டிற்குப் பேசவேண்டும் என்று என் கைப்பேசியைக் கேட்டான். எங்கு வந்துகொண்டிருக்கிறோம் என்று கூறுவான் என எண்ணினேன்.

“அப்பா, நம்ம பூட்டன் பேர் என்னப்பா?” என்று கேட்டான். மறுமுனையில் பதில் வரத் தாமதமாயிற்று. “அப்பத்தாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. நான் இருக்கேன்” என்று கூறிவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து மடியில் வைத்தபடி காத்திருந்தான்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடு, கோயில், பள்ளி அல்லது ஊருணி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதனைக் கட்டிய தச்சர், கொத்தனார், சுண்ணாம்பு அரைத்தவர் ஆகியோரின் பெயர்களை முதியோரிடம் கேட்டறிந்து எழுதி, வகுப்பறையில் படியுங்கள்.

‘பழம்பொருள்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமா, அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டுமா?’ என்னும் பொருளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.